ஏரியைத் தின்றது யார்? தண்ணியில நிக்கிறது யார்?

மக்களே, ஒரு சின்ன கேள்வி.

மேற்கு மாம்பலத்துல "லேக் வியூ ரோடு"ன்னு ஒரு தெரு இருக்கு. அங்க நின்னு சுத்திப் பாருங்க. ஏரி எங்க?
நுங்கம்பாக்கத்துல "டேங்க் பண்ட் ரோடு" இருக்கு. கரைக்குப் பேர் இருக்கு. ஏரி எங்க?

நீங்க தீபாவளிக்குத் துணி எடுக்கப் போற தி.நகர்தான் அந்த ஏரி!

நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை பக்கம் வரை நீண்டு கிடந்தது "லாங் டேங்க்". பனகல் அரசர் முதல்வராக இருந்தபோது, 1923-ல், அதை வடித்துத் தியாகராய நகரை உருவாக்கத் தொடங்கினார்கள். மிச்சம் இருந்ததும் அடுத்தடுத்து மனை ஆனது. 1976-ல் திறந்த வள்ளுவர் கோட்டமும் அந்த ஏரி நிலத்தில்தான் நிற்கிறது.

நூறு வருஷத்துக்கு முன்னாடி நடந்ததுக்கு யாரையும் திட்ட இந்தப் பதிவு இல்லை. அன்னைக்குத் தெரியாம செஞ்சாங்க. தெரிஞ்சும் இன்னைக்குச் செய்றாங்களே, அவங்களுக்குத்தான் இந்தப் பதிவு.

மழைத் தண்ணிக்குப் பட்டா தெரியாது. பள்ளம் மட்டும்தான் தெரியும். 2021 நவம்பரில் தி.நகர் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றதே, அது பழைய வீட்டுக்குத் திரும்பி வந்த தண்ணீர். அதை அடையாற்றுக்குக் கொண்டுபோக வேண்டிய மாம்பலம் கால்வாயில் "ஸ்மார்ட் சிட்டி" வேலையின் இடிபாடு கிடந்தது. கால்வாயை அடைச்சுட்டு ஊருக்கு ஸ்மார்ட்னு பேர்!

மயிலாப்பூர் பக்கம் வாங்க. பக்கிங்காம் கால்வாய்க்கு உள்ளேயே தூண் நட்டு, 1997-ல் திருமயிலை வரை பறக்கும் ரயில் விட்டார்கள். ரயில் வேண்டாம்னு யார் சொன்னா? ஊருக்கு ரயில் எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியம் தண்ணி போற வழியும். ஒண்ணைக் கொடுத்து இன்னொண்ணைப் பிடுங்குறதுக்குப் பேர் வளர்ச்சியா?

"இயற்கைப் பேரிடர், நாங்க என்ன செய்ய முடியும்?" இதுதான் மாறி மாறி ஆண்டவர்களின் ஒரே பதில். சரி, கணக்குப் பார்ப்போம்.

2015 டிசம்பர்: செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்ததாக அரசே சொன்னது. அடையாறு பொங்கி கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் மூழ்கின. அது மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்று சொன்னது எதிர்க்கட்சி இல்லை, மத்திய தணிக்கைத் துறை.

2019 கோடை: அதே செம்பரம்பாக்கம் காய்ந்து வெடித்தது. ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன் ரயிலில் குடிதண்ணீர் வந்தது.

நாலே வருஷம்! படகு விட்ட ஊருக்கு ரயில்ல தண்ணி. வெள்ளமும் வறட்சியும் இரண்டு நோய் இல்லை, ஒரே நோய். பெய்ததைப் பிடித்து வைத்து மெல்ல நிலத்துக்குள் இறக்கும் ஏரியும் சதுப்பும் இல்லாத ஊர், ஒரு மாசம் மூழ்கும், மறு வருஷம் தாகத்தில் சாகும். சுற்றுச்சூழல்னா ஞாயித்துக்கிழமை பைனாகுலரோட பறவை பார்க்கிறது மட்டும் இல்லீங்க. அது நம்ம வீட்டுக் குழாய், நம்ம வீட்டு வாசல்.

இப்போ முக்கியமான கேள்வி. யார் விலை கொடுக்கிறாங்க?

2015 வெள்ளத்துக்குப் பிறகு "ஆக்கிரமிப்பு" என்று சொல்லி அடையாற்றங்கரைக் குடிசைகளை இடித்தார்கள். அந்த மக்களைக் கொண்டுபோய் எங்கே விட்டார்கள் தெரியுமா? பெரும்பாக்கம். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி, மழை வந்தால் தண்ணீர் சூழும் இடம். வெள்ளத்திலிருந்து காப்பாத்துறோம்னு சொல்லி வெள்ளத்திலேயே குடி வெச்சாங்க! வேலை சைதாப்பேட்டையில, வீடு பெரும்பாக்கத்துல. ஏரி மேல எழுந்த பெரிய கட்டடம் எதுக்காவது புல்டோசர் போச்சா?

அந்தப் பள்ளிக்கரணை ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்தது. 2022-ல் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது சுமார் 1,248 ஹெக்டேருக்குத்தான். நாலில் ஒரு பங்கு! அதற்குள்ளும் பெருங்குடி குப்பைமேடு. தென்சென்னையின் மழைநீரை வாங்கி ஒக்கியம் மடுவு வழியாகக் கடலுக்கு அனுப்பும் இடம் அது. தி.நகர்ல நூறு வருஷத்துக்கு முன்னாடி செஞ்ச தப்பை இங்க இன்னைக்கு, கண்ணு முன்னாடி செய்றாங்க. இன்னும் கொஞ்ச வருஷத்துல அங்கயும் ஒரு "லேக் வியூ ரோடு" மட்டும்தான் மிஞ்சும்.

நாம் கேட்பது நான்கே நான்கு:

1. ராம்சார் எல்லையை சர்வே எண்ணோடு வெளியிடு, கல் நடு. அதுவரை அங்கே ஒரு கட்டடத்துக்கும் புது அனுமதி கூடாது.
2. மாம்பலம் கால்வாய், பக்கிங்காம் கால்வாய், ஒக்கியம் மடுவு ஆகியவற்றைத் தூர்வாரிய கணக்கைப் பருவமழைக்கு முன்பே இணையத்தில் போடு. எவ்வளவு மண் எடுத்தாய், எங்கே கொட்டினாய்?
3. ஆற்றங்கரை மக்களுக்கு அவர்கள் வேலை செய்யும் பகுதியிலேயே மேடான இடத்தில் வீடு கொடு.
4. அடையாறு முகத்துவாரத்தில் எதைச் செய்தாலும் ஊரூர் குப்பம், சீனிவாசபுரம் மீனவர்களைக் கேட்டுச் செய். எப்போது மணல் மூடும், எப்போது மீன் வரும் என்பது ஏசி அறைக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும்.

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வர்றவங்ககிட்ட ரோடு, பாலம் பத்திக் கேளுங்க. கூடவே இதையும் கேளுங்க: "எங்க ஏரி எங்க?"

பகிருங்கள். உங்கள் தெருவில் தண்ணீர் நின்ற படத்தையும், அந்த இடத்தின் பழைய பெயரையும் கமெண்டில் போடுங்கள்.

#எங்க_ஏரி_எங்க
#பள்ளிக்கரணையைக்_காப்போம்

– தகவல் தொழில்நுட்பப் பிரிவு, தென்சென்னை