பாலைவன ஆமைக்குத் தண்ணி எதுக்கு?

"பாலைவன ஆமைங்க இது. தண்ணியே வேணாம். காஞ்ச இடத்துல வச்சாப் போதும்." சுல்கேட்டா ஆமைக்குட்டி வாங்குகிறவருக்குக் கடையில் இலவசமாகக் கிடைக்கும் அறிவுரை இது. அவரும் ஒரு கண்ணாடித் தொட்டி, அடியில் காய்ந்த மரத்தூள், மேலே சூட்டு பல்பு என்று ஒரு அடுப்பையே தயார் செய்துவிடுகிறார். கொஞ்ச காலம் போனால் ஓட்டின் ஒவ்வொரு தகடும் குட்டிக் கோபுரமாகத் துருத்திக்கொண்டு நிற்கும். இதற்கு 'பிரமிடிங்' என்று பெயர்.

காரணம் கேட்டால் "புரதம் கூடிப் போச்சு" என்பார்கள். இல்லையென்றால் "அதெல்லாம் பரம்பரை சார்" என்பார்கள். சாப்பாட்டின் மேல் பழி, அப்பா அம்மா மேல் பழி... தொட்டியின் மேல் மட்டும் பழியே கிடையாது!

2003-ல் வீஸ்னர், இபன் என்ற இரண்டு ஆஸ்திரிய ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 50 சுல்கேட்டா குட்டிகள், ஐந்து மாதம். உணவில் புரதத்தின் அளவையும் காற்றில் ஈரப்பதத்தையும் மாற்றி மாற்றி வளர்த்தார்கள். முடிவு? காய்ந்த காற்றில் வளர்ந்த குட்டிகளுக்கு மேடு பெரிது. ஈரக் காற்றில் வளர்ந்தவற்றுக்குச் சிறிது. புரதத்தின் பங்கு சொற்பம்தான்.

பாலைவன ஆமைக்கு ஈரமா என்று கேட்கலாம். சகாராவுக்குத் தெற்கே உள்ள சாஹேல்தான் இதன் ஊர். வெயில் ஏறினால் இது ஆழமாக வளை தோண்டி உள்ளே போய்விடும். மேலே மண் பொரிந்தாலும் வளைக்குள் ஈரம் நிற்கும். கடைக்காரருக்கு வெயில் தெரிகிறது, வளை தெரியவில்லை.

ஓட்டுக்கு உள்ளே எலும்பு, மேலே நம் நகம் போன்ற கெரட்டின் தகடு. தகடு வளர்வது அதன் ஓரங்களில். காய்ந்த காற்றில் அந்தப் புது ஓரம் சீக்கிரமே இறுகிவிடுவதால், பக்கவாட்டில் பரவ வேண்டிய வளர்ச்சி திசை மாறி மேடாகிறது என்பதே ஆமை வளர்ப்பவர்கள் பலர் ஏற்கும் விளக்கம்.

"ஈரம் வச்சா சளி பிடிக்குமே?" பிடிக்கும், ஈரத்தோடு குளிரும் சேர்ந்தால். குட்டிக்கு வேண்டியது வெதுவெதுப்பான ஈரம். கால்சியமும் புற ஊதாக் கதிரும் எலும்புக்கு அவசியம்தான். ஆனால் அவை ஈரத்துக்கு மாற்று ஆகாது.

இதற்கு என்ன செலவாகும்? நனைத்த தேங்காய் நார்த்தூள், ஈரமான ஒரு மறைவிடம், இறங்கி நனைய ஆழமில்லாத ஒரு தட்டுத் தண்ணீர். அவ்வளவுதான். இதைச் செய்யாமல் விட்டு எழும்பிய மேடு பிறகு அமுங்காது. இனி வளரும் ஓரம் வேண்டுமானால் சமமாக வரலாம். பல பத்தாண்டுகள் வாழக்கூடிய ஓர் உயிர், முதல் சில வருடத்து அலட்சியத்தைக் கடைசி வரை முதுகில் சுமக்க வேண்டும்.

இதற்கும் சோம்பல்படுகிறவர்கள் பொம்மை ஆமை வாங்கிக்கொள்ளலாம். அதற்கு நிஜமாகவே தண்ணி வேணாம்.