தேர் ஓடுகிறது, தெருவுக்கு என்ன?

சொகுசுப் பயணிகள் எல்லாரும் ஒரே ரகம் அல்லர். பகட்டுக்காகச் செலவழிப்போர் ஒரு ரகம். அலைச்சல் கூடாதென்று செலவழிப்போர் மற்றொரு ரகம். ஊரைச் சுற்றிக் கைவினைப் பொருள் வாங்குவோர் மூன்றாம் ரகம்.

பெங்களூரிலிருந்து 2008-ல் ஓடத் தொடங்கிய 'கோல்டன் சாரியட்' ரயிலைப் பாருங்கள். ஹம்பியின் கல் தேரை நினைவூட்டும் பெயர். சாப்பாடு, படுக்கை, சுற்றிக் காட்டும் பஸ், நுழைவுச் சீட்டு யாவும் கட்டணத்திலேயே அடக்கம். பயணி தன் பணப்பையைத் தொடவே வேண்டாம்.

அப்படியானால் ஹம்பியில் இளநீர் வெட்டுபவருக்கும், மைசூரில் சந்தனச் சிற்பம் செதுக்குபவருக்கும் என்ன கிடைக்கும்? மூன்றாம் ரகத்தார் தரும் காசுதான். அவர்கள் கடைத்தெருவில் காலாற நடக்க, ஒவ்வோர் ஊரிலும் இரண்டு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். ரயிலுக்கு வந்த வருமானம் மட்டும் கணக்காகாது. தெருவுக்கு வந்ததும் கணக்கில் ஏற வேண்டும்.