தனிநாயகம் அடிகளாருக்குக் கும்பிடு போட்டால் போதுமா?

அன்பு மாணவர்களே, சொந்தங்களே,

செப்டம்பர் 1 அன்று நம் வாட்ஸ்அப் குழுவில் தனிநாயகம் அடிகளார் படம் வந்தது. அவர் மறைந்த நாள். வரிசையாகக் கும்பிடுகள். சந்தோஷம். சற்று நேரத்தில் அதே குழுவில், "உலக மொழிகள் எல்லாம் தமிழிலிருந்து பிறந்தவை, நாசாவே ஒப்புக்கொண்டது" என்று ஒரு பதிவு. அதற்கும் அதே ஆட்களின் கும்பிடு! கோபப்பட்டாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். இரண்டாவது கும்பிடு முதலாவதை ரத்து செய்துவிட்டது.

அடிகளார் 1913-இல் யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைப் பக்கம் பிறந்தவர். ரோமாபுரியில் இறையியல் படித்துக் குருவானவர். லத்தீனில் புலமை பெற்ற பிறகுதான் தமிழை முறையாகப் படிக்க உட்கார்ந்தார். நம் நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது, பண்டிதர் ஒருவரிடம் மாணவனைப் போலப் பாடம் கேட்டார். பிறகு முப்பது வயதைக் கடந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து தமிழில் பட்டம் வாங்கினார். சங்கப் பாடல்களில் இயற்கை என்பதுதான் அவர் ஆராய்ச்சி.

"பாதிரியாருக்குத் தமிழ் எதற்கு, மதம் பரப்பத்தானே?" என்று நம் உறவுக்காரர் ஒருவர் கேட்டிருந்தார். தம்பி, குறிஞ்சியும் நெய்தலும் எந்த மதம்? 1952-இல் 'தமிழ் கல்ச்சர்' என்ற ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கி, சங்க இலக்கியத்தை வெளிநாட்டு அறிஞர்களின் மேசைக்குக் கொண்டுபோனார். 1964-இல் டெல்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்நின்றார். 1966-இல் கோலாலம்பூரில் முதல் மாநாட்டை நடத்தினார்.

அவர் "நாமே மூத்தவர்" என்று மார்தட்டி உலகத்தைக் கூப்பிடவில்லை. சான்றைக் காட்டிக் கூப்பிட்டார். 1679-இல் அச்சான தமிழ்–போர்த்துகீசிய அகராதி வத்திக்கான் நூலகத்தில் கிடந்தது. அதைப் படியெடுத்து மறுபதிப்பாக வெளியிட்டார். 1554-இல் லிஸ்பனில் அச்சான தமிழ்ப் புத்தகத்தைப் பற்றி எழுதினார். தமிழ் அச்சின் பெருமைக்கு நாசா தேவைப்படவில்லை. நூலகத்தில் உட்காரும் பொறுமை தேவைப்பட்டது.

பொய்ப் பெருமையால் என்ன நஷ்டம் என்கிறீர்களா? ஒரு பொய் பிடிபட்டால், கேட்பவன் நம் உண்மையையும் சேர்த்துத் தள்ளிவிடுவான். அடிகளார் வாழ்நாளெல்லாம் சேர்த்த நம்பிக்கையை நாம் விரல் நுனியில் கரைக்கிறோம்.

உங்களை மட்டும் திட்டினால் நான் யோக்கியன் ஆகிவிட மாட்டேன். பல வருடங்களுக்கு முன் ஒரு மாணவன், பன்னிரண்டாம் வகுப்பில் தமிழில் முதலாவதாக வந்தவன், வீடு தேடி வந்து, "சார், பி.ஏ. தமிழ் சேரட்டுமா?" என்று கேட்டான். "சோத்துக்கு என்னடா செய்வே?" என்றேன். தமிழாசிரியர் சம்பளத்தில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னேன். அவன் வேறு படிப்புக்குப் போனான். இப்போது இந்தக் குழுவில் இருக்கிறான். அந்த நாசா பதிவைப் போட்டதும் அவன்தான். அவன்மேல் எப்படிக் கோபப்படுவேன்? தேடிப் படிக்க வந்தவனை வாசலிலேயே திருப்பி அனுப்பியவன் நான்.

ஆகவே இரண்டே வேண்டுகோள். தமிழைப் பற்றி எதை அனுப்பினாலும் "சான்று எங்கே?" என்று ஒருமுறை கேளுங்கள். வீட்டில் ஒரு பிள்ளை தமிழ் படிக்கிறேன் என்றால், நான் சொன்னதைச் சொல்லாதீர்கள்.

இதைச் செய்துவிட்டு அடுத்த செப்டம்பரில் கும்பிடு போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் தமிழ் சார்