ஸ்மார்ட் மீட்டர் வந்தால் கரண்ட் பில் குறையுமா? மீட்டரை விடுங்க, விதியைப் பாருங்க!

"நம்ம ஏரியாவுக்கும் ஸ்மார்ட் மீட்டர் வரப்போகுதாம். வந்தா பில் டபுள் ஆகுமாம்!"

எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் மாதம் ஒருமுறையாவது இந்த மெசேஜ் வந்துவிடும். அடுத்த நிமிடமே எதிர்வீட்டு அங்கிள், "அதெல்லாம் புரளி. செல்போன் ரீசார்ஜ் மாதிரி ஈஸி ஆகிடும்" என்று பதில் போடுவார். அப்புறம் தம்ஸ்-அப் ஒரு பக்கம், கோப எமோஜி ஒரு பக்கம் என குரூப் இரண்டாகப் பிரிந்துவிடும்.

இரண்டு பேர் சொல்வதிலும் பாதிதான் உண்மை. மீட்டர் என்பது யூனிட்டை எண்ணும் கருவி. அந்த எண்ணிக்கையை வைத்து எப்போது, எந்த ஸ்லாபில், என்ன விலையில் பில் போடுகிறார்கள் என்பதில்தான் நம் லாபமும் நஷ்டமும் இருக்கிறது. அதைப் பற்றி குரூப்பில் யாரும் பேசுவதில்லை. நாம் பேசுவோம்.

முதலில், இந்த மீட்டர் புதிதாக என்ன செய்யும்?

இப்போது ரீடிங் எடுக்க ஒருவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருகிறார். ஸ்மார்ட் மீட்டருக்கு ஆள் வர வேண்டாம். நீங்கள் எந்த நேரத்தில் எவ்வளவு பயன்படுத்தினீர்கள் என்பதை அதுவே நெட்வொர்க் வழியாக மின் வாரியத்தின் சர்வருக்கு அனுப்பிவிடும். ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை கிலோவாட் இழுத்தீர்கள் என்பதும் பதிவாகும். அங்கிருந்தும் மீட்டருக்கு உத்தரவு வரும். அதாவது, ஃப்யூஸ் கேரியரைப் பிடுங்க லைன்மேன் வர வேண்டியதில்லை. ஒரு கிளிக்கில் இணைப்பைத் துண்டிக்கலாம், திரும்பக் கொடுக்கலாம்.

2021-இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த ஆர்டிஎஸ்எஸ் திட்டத்தின் இலக்கு, நாடு முழுக்க 25 கோடி ப்ரீபெய்டு ஸ்மார்ட் மீட்டர்கள். இந்தத் திட்டத்தின் முக்கிய நோக்கமே மின் பகிர்மான நிறுவனங்களின் நஷ்டத்தைக் குறைப்பதுதான். சென்னை தி.நகரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர்கள் ஏற்கெனவே பொருத்தப்பட்டன. மாநிலம் முழுக்க சுமார் 3 கோடி மீட்டர்களுக்கு 2023-இல் டெண்டர் விடப்பட்டது. அதில் சென்னை உள்ளிட்ட 8 மாவட்டங்களுக்கான 82 லட்சம் மீட்டர் டெண்டரில் அதானி நிறுவனம் குறைந்த விலை கேட்டிருந்தது. அந்த விலையும் அதிகம் என்று 2024 டிசம்பரில் டெண்டர் ரத்தானது.

ஆக, விஷயம் கொஞ்சம் தள்ளிப்போனது. ஆனால் கேள்வி அப்படியே இருக்கிறது.

"வேகமா ஓடுது" புகார் உண்மையா?

2024 மே மாதம் குஜராத்தின் வதோதராவில் இதே புகாரோடு மக்கள் தெருவுக்கு வந்தார்கள். கடைசியில், ஸ்மார்ட் மீட்டர் பக்கத்திலேயே பழைய வகை மீட்டரையும் மாட்டி ஒப்பிட்டுக் காட்டுகிறோம் என்று அரசு சொல்ல வேண்டியதாயிற்று.

வருஷக்கணக்கில் சுற்றித் தேய்ந்த பழைய சக்கர மீட்டர்கள் மெதுவாக ஓட வாய்ப்பு உண்டு. அதை மாற்றினால் பில் ஏறியது போலத் தெரியும். ஆனால் பல வீடுகளில் இப்போதே எலக்ட்ரானிக் மீட்டர்தான் இருக்கிறது. அங்கே மீட்டரை மாற்றியதால் மட்டும் பில் டபுள் ஆகக் கூடாது. ஆனால் அதுதான் நடந்தது என்றால் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. 2024-இல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, ரீடிங் சரியில்லை என்று புகார் கொடுத்தால் 5 நாட்களுக்குள் இன்னொரு மீட்டரை மாட்டி, குறைந்தது 3 மாதம் சரிபார்க்க வேண்டும்.

சரி, நமக்கு என்ன லாபம்?

500 யூனிட் என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலையில் உயர்ந்த கட்டணம் இப்படி இருந்தது: இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70 ரூபாய், கடைசி 100-க்கு 6.30 ரூபாய். மொத்தம் 1,805 ரூபாய்.

501-ஆவது யூனிட் ஓடிவிட்டால்? அந்த 2.35 ரூபாய் சலுகை போய்விடும். 101-லிருந்தே 4.70 ரூபாய். கூடவே அந்த ஒரு யூனிட்டுக்கு 8.40. மொத்தம் 2,048.40 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய் எகிறுகிறது!

இந்தச் சுவர் எங்கே இருக்கிறது என்பது பில் வந்த பிறகுதான் நமக்குத் தெரிகிறது. தினமும் ஆப்பில் யூனிட்டைப் பார்க்க முடிந்தால், 50-ஆவது நாளில் 440-ஐத் தொட்டுவிட்டோம் என்று தெரிந்து மீதி பத்து நாள் ஏசியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு லாபம், தேதி. நாளுக்கு சராசரியாக 8.33 யூனிட் ஓடும் வீட்டில் சரியாக 60-ஆவது நாள் ரீடிங் எடுத்தால் 500. அதே ரீடிங் 66-ஆவது நாள் எடுக்கப்பட்டு, ஸ்லாபும் அப்படியே இருந்தால் 550. பில் 2,460 ரூபாய். அடுத்த முறை 54 நாள்தானே, குறையும் என்பீர்கள். குறையும்தான். 450 யூனிட்டுக்கு 1,490 ரூபாய். ஆனால் இரண்டையும் கூட்டினால் 3,950. ரீடிங் சரியான நாளில் எடுக்கப்பட்டிருந்தால் இரண்டு பில்லுக்கும் சேர்த்து 3,610. வீட்டில் ஒரு பல்பு கூட அதிகமாக எரியாமலே 340 ரூபாய் போய்விட்டது. ஸ்மார்ட் மீட்டர் நாள் தவறாது. "வீடு பூட்டியிருந்தது" என்ற பேச்சும் இருக்காது. இது நிஜமான நன்மை.

மாதாமாதம் பில்: எல்லோரும் எதிர்பார்க்கும் இடம்

மாதாந்திர மின் கணக்கீடு 2021 சட்டமன்றத் தேர்தலில் திமுக கொடுத்த வாக்குறுதி. ஸ்மார்ட் மீட்டர் வந்ததும் அது வரும் என்று அப்போதைய திமுக அரசு சொல்லிவந்தது. மாதாமாதம் பில் வந்தால் குறையும் என்றுதான் நாமும் நம்புகிறோம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு வீட்டில் ஏப்ரலில் 180 யூனிட், மே மாதம் ஏசி புண்ணியத்தில் 320 யூனிட். இரண்டும் சேர்த்து 500. அந்த 2024 கட்டணப்படி, இரண்டு மாத முறையில் 1,805 ரூபாய்.

இப்போது மாதக் கணக்கு வருகிறது, ஆனால் ஸ்லாபையும் பாதியாக வெட்டிவிடுகிறார்கள் என்று வையுங்கள். மாதம் 50 யூனிட்தான் இலவசம். சலுகைச் சுவர் 250-இல். ஏப்ரல் பில் 493.50 ரூபாய். மே மாதம் சுவரைத் தாண்டிவிடுவதால் 1,629 ரூபாய். மொத்தம் 2,122.50. குறையும் என்று காத்திருந்தவருக்கு 317 ரூபாய் கூடுதல்!

ஸ்லாபை வெட்டாமல், அதையே மாதத்துக்கு என்று மாற்றினால்? ஏப்ரல் 188, மே 799. மொத்தமே 987 ரூபாய்தான்.

அதே வீடு, அதே மீட்டர், அதே 500 யூனிட். ஒரு விதியில் 2,122 ரூபாய், இன்னொரு விதியில் 987 ரூபாய். "மாதாந்திர பில் எப்போ வரும்?" என்று மட்டும் கேட்டால் போதாது. "ஸ்லாப் என்ன ஆகும்?" என்றும் கேட்க வேண்டும்.

நேரத்துக்கு ஒரு விலை

2023-இல் ஒன்றிய அரசு திருத்திய விதிகளில், விவசாயம் தவிர மற்ற நுகர்வோருக்கு 2025 ஏப்ரல் முதல் நேரத்தைப் பொறுத்த கட்டணம் இருக்க வேண்டும் என்றும், ஸ்மார்ட் மீட்டர் மாட்டியவர்களுக்கு அது பொருந்தும் என்றும் சொல்லப்பட்டது. வெயில் அடிக்கும் நேரத்தில் சோலார் மின்சாரம் நிறைய கிடைக்கும். அப்போது குறைந்தது 20 சதவீதம் மலிவு. உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல். இதை எப்படி அமல்படுத்துவது என்பது மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கையில்.

காலை 9 மணிக்குக் கிளம்பி இரவு 7 மணிக்கு வீடு திரும்பும் ஒருவருக்கு இது எப்படி இருக்கும்? மலிவான நேரத்தில் வீட்டில் ஓடுவது ஃப்ரிட்ஜ் மட்டும். ஏசி, வாஷிங் மெஷின், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் ஓடுவது மாலைக்கு மேல்தான். பகலில் வீட்டில் இருப்பவர்களுக்கும் வொர்க் ஃப்ரம் ஹோம் ஆட்களுக்கும் லாபம். ஆபீஸ் போகிறவர் வாஷிங் மெஷினை ஞாயிறு மதியத்துக்குத் தள்ளலாம். ராத்திரி சமையலை எங்கே தள்ளுவது?

ப்ரீபெய்டு: அந்த 15 நாள் என்ன ஆகும்?

எனக்கு உண்மையாகவே கவலை தருவது இதுதான். மின்சாரச் சட்டம் 2003-இன் 56-ஆவது பிரிவுப்படி, பில் கட்டவில்லை என்றால்கூட 15 நாள் எழுத்துப்பூர்வ நோட்டீஸ் கொடுத்த பிறகுதான் இணைப்பைத் துண்டிக்க முடியும். சம்பளம் தள்ளிப்போன மாதத்தில் ஒரு குடும்பம் மூச்சு விடுவது அந்த 15 நாளில்தான்.

ப்ரீபெய்டில் பேலன்ஸ் தீர்ந்தால்? நமக்கு யுபிஐ இருக்கிறது, நள்ளிரவிலும் ரீசார்ஜ் செய்துவிடுவோம். ஊரில் தனியாக இருக்கும் பாட்டிக்கு? நெபுலைசர் வைத்திருக்கும் வீட்டுக்கு? மறுநாள் பப்ளிக் எக்ஸாம் எழுதப்போகும் பிள்ளைக்கு?

தவறான உத்தரவு போனாலும் இதே கதிதான். 2020 ஆகஸ்ட் 12, கிருஷ்ண ஜெயந்தி அன்று உத்தரப் பிரதேசத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர் வீடுகள் ஒரேயடியாக இருண்டன. பணம் கட்டியவர்கள் வீட்டிலும்தான்.

ப்ரீபெய்டில் நல்லதே இல்லை என்று சொல்லவில்லை. அதே சட்டத்தின் 47-ஆவது பிரிவுப்படி ப்ரீபெய்டுக்கு ஒப்புக்கொண்டால் டெபாசிட் கேட்க முடியாது. தினக்கூலிக்கு வேலை பார்ப்பவருக்கு மொத்தமாக 1,800 ரூபாய் கட்டுவதைவிட நூறு நூறாகப் போடுவது வசதியாகவும் இருக்கலாம். ஆனால் அது அவர் விரும்பித் தேர்வு செய்ததாக இருக்க வேண்டும்.

செலவு யார் தலையில்?

"உங்களிடம் மீட்டருக்குப் பணம் வாங்க மாட்டோம்" என்பார்கள். கையில் வாங்காமல் இருக்கலாம். ஆர்டிஎஸ்எஸ் மாடலில் தனியார் நிறுவனம் முதலீடு செய்யும். ஒன்றிய அரசின் மானியம் நம்மைப் போன்ற மாநிலங்களுக்கு மீட்டருக்கு அதிகபட்சம் 900 ரூபாய். மீதியை மின் வாரியம் அந்த நிறுவனத்துக்கு மாதாமாதம் கொடுக்க வேண்டும். ஒரு பேச்சுக்கு மீட்டருக்கு மாதம் 100 ரூபாய் என்றால், 3 கோடி மீட்டருக்கு மாதம் 300 கோடி. வருஷத்துக்கு 3,600 கோடி. அந்த அளவுக்கு நஷ்டம் குறையவில்லை என்றால், பாக்கி என்றாவது ஒருநாள் கட்டண உயர்வாக நம்மிடம்தான் வரும்.

ஜெர்மனி 2016-இல் சட்டம் போட்டபோது, வருஷத்துக்கு 6,000 யூனிட்டுக்கு மேல் பயன்படுத்தும் வீடுகளுக்குத்தான் ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயமாக்கியது. கொஞ்சமாகப் பயன்படுத்தும் வீட்டில் மிச்சமாவதைவிட மீட்டர் செலவு அதிகம் என்பதுதான் கணக்கு. நம்மூரில் 500 யூனிட் சுவரைத் தொடும் வீடே வருஷத்துக்கு 3,000 யூனிட்தான். இலவச யூனிட்டுக்குள் வாழும் வீட்டுக்கு ஆப்பில் கிராஃப் காட்டி என்ன மிச்சப்படுத்தப் போகிறோம்?

அப்போ என்ன கேட்கணும்?

ஸ்மார்ட் மீட்டர் வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. ஆனால் அதன் லாபம் மின் வாரியத்துக்குத் தானாக வந்துவிடும். நமக்குக் கேட்டால்தான் வரும். அதனால் நான்கு விஷயங்களை மீட்டர் வருவதற்கு முன்பே எழுத்தில் கேட்போம். மாதாந்திர பில் வந்தால் ஸ்லாபைப் பாதியாக வெட்டக் கூடாது. ப்ரீபெய்டைக் கட்டாயமாக்கக் கூடாது. பேலன்ஸ் தீர்ந்தாலும் இரவிலும் விடுமுறை நாளிலும் துண்டிக்கக் கூடாது. நேரக் கட்டணம் வீடுகளுக்கு விருப்பத் தேர்வாக இருக்க வேண்டும். நான்காவது, வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கானது: இணைப்பு ஓனர் பெயரில், ஓடிபி போவதும் ஓனர் போனுக்கு. பில் கட்டுபவருக்கு அந்த டேட்டா போக வேண்டும். வீட்டில் எப்போது ஆள் இல்லை என்பதைக்கூடச் சொல்லிவிடும் டேட்டா அது.

அதுவரை? இன்றே மீட்டர் பெட்டியைத் திறந்து ரீடிங்கை போட்டோ எடுங்கள். கடைசி பில்லில் உள்ள எண்ணைக் கழியுங்கள். நாளுக்கு 8 யூனிட்டைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். ஸ்மார்ட் மீட்டர் தரும் முதல் நன்மை, இப்போதே இலவசம்.

குரூப்பில் அடுத்த ஃபார்வர்டு வரும்போது, அதற்குக் கீழே ஒரே ஒரு கேள்வியைப் போடுங்கள்: "சரி, ஸ்லாப் என்ன ஆகும்?"