ஏமாந்தவங்களைப் பார்த்துச் சிரிக்கிறது யாருக்கு லாபம்?



போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு அன்னதானப் பாத்திரம் கழுவும்போது நாங்க கேட்ட பேச்சுதான் இந்தப் பதிவுக்குக் காரணம். தோட்டத்துல உழைச்சு, 55 வயசுல சேமநிதி எடுத்த ஒரு அக்கா, இணையத்துல பழகின ‘லண்டன் டாக்டர்’கிட்ட அந்தப் பணத்தை இழந்துட்டாங்க. "இந்த வயசுல இது தேவையா?"ன்னு நம்ம ஆளுங்களே சிரிக்கிறாங்க. அக்கா இப்போ கோயிலுக்கே வர்றதில்லை. (யாருன்னு கேட்டு கமெண்ட் போடாதீங்க. அழிச்சிடுவோம்.)

நாங்க கேக்குறோம். பிள்ளைங்க ஆளுக்கொரு ஊர்னு போயிட்ட வீட்டுல, தினமும் "சாப்டியா?"ன்னு ஒருத்தர் கேட்டா மனசு இளகாதா? நம்மில் எத்தனை பேர் அக்காவை அப்படிக் கேட்டோம்?

ஏமாத்துறவனுக்கு இது தொழில். யாரோ ஒருத்தர் படத்தைத் திருடிப் போடுவான். மாசக்கணக்கா காசு பேச்சே எடுக்க மாட்டான். அப்புறம் ‘உனக்குத் தங்கமும் டாலரும் பார்சல்ல அனுப்பிட்டேன்’ம்பான். அடுத்து ‘கஸ்டம்ஸ்’லேர்ந்து போன் வரும், வரி கட்டு, இல்லன்னா கேஸ்னு. பணம் கேட்கிற கணக்கு மட்டும் தனி ஆள் பேர்ல இருக்கும். அரசாங்க வரி தனி ஆள் கணக்குக்குப் போகவே போகாது. இதை ஞாபகம் வெச்சாலே பாதிப் பேர் தப்பிக்கலாம்.

வெவரம் தெரியாதவங்கதான் ஏமாறுவாங்கன்னு நினைக்காதீங்க. 2014 டிசம்பர்ல ஒரு ஆஸ்திரேலியப் பெண்மணி நம்ம கே.எல்.ஐ.ஏ.வுல பிடிபட்டார். இணையத்துல பழகின ‘அமெரிக்க ராணுவ அதிகாரி’யை நம்பி ஷாங்காய் போனவர். அங்கே கொடுத்துவிட்ட பையில போதைப்பொருள் இருந்துச்சு. 2017ல ஷா ஆலம் உயர் நீதிமன்றம் விடுவிச்சது. 2018ல மேல்முறையீட்டு நீதிமன்றம் மரண தண்டனை கொடுத்தது. 2019 நவம்பர்லதான் கூட்டரசு நீதிமன்றம் விடுதலை செஞ்சது. தூக்குக் கயிறு வரைக்கும் போய் வந்தார்.

வயசானவங்க மட்டும்னும் நினைக்காதீங்க. 2022ல இணையக் காதலியைப் பார்க்க பேங்காக் போன நம்ம நாட்டு இளைஞர் ஒருத்தர், மோசடிக் கும்பல்கிட்ட மாட்டி, தாய்லாந்து மருத்துவமனையில இறந்தே போனார்.

இன்னொரு வெட்கக்கேடு. அந்தத் தனி ஆள் கணக்கு யாரோடது? சில நூறு வெள்ளிக்கு ஏ.டி.எம். கார்டை வாடகைக்கு விடுற நம்ம பசங்களோடதாவும் இருக்கலாம். 2024ல தண்டனைச் சட்டத்தைத் திருத்தி இதைத் தனிக் குற்றமாவே ஆக்கிட்டாங்க. "எனக்குத் தெரியாது"ன்னு சொல்லித் தப்பிக்கலாம்னு நினைக்காதீங்க தம்பிகளா.

ஃபேக்டரியில ஒருத்தர் கை மெஷின்ல மாட்டினா, முதல்ல மெஷினை நிறுத்துவோம். யார் தப்புன்னு அப்புறம்தான் கேட்போம். இதுவும் அப்படித்தான். பணம் போயிட்டா உடனே 997க்கு அடிங்க. போலீஸ், பேங்க் நெகாரா எல்லாம் சேர்ந்து 2022ல ஆரம்பிச்ச மையம் அது. பணம் கைமாறிப் போறதுக்குள்ள தடுக்கப் பார்ப்பாங்க. அப்புறம் போலீஸ் ரிப்போர்ட். பணம் அனுப்பும் முன்னாடியே போலீஸோட ‘செமாக் மியூல்’ தளத்துல அந்தக் கணக்கு நம்பரைத் தட்டிப் பாருங்க. நாம சிரிச்சா, மாட்டினவங்க வெட்கப்பட்டு ஒளிச்சு வெப்பாங்க. அந்த நேரத்துலதான் பணம் கைவிட்டுப் போகுது. திருடனுக்கு நாமே காவல் நிக்கிறோம்.

"கோயில்ல இதெல்லாம் பேசக்கூடாது"ங்கிற பெரியவங்களுக்கு ஒரு வார்த்தை. உபயகாரர் பேர் வாசிக்க மைக்குல இருபது நிமிஷம் இருக்கு. இதுக்கு அஞ்சு நிமிஷம் கொடுங்க ஐயா. உண்டியல்ல போடுற காசும் இவங்க உழைச்ச காசுதான்.

அக்கா, இதைப் படிச்சீங்கன்னா வெள்ளிக்கிழமை வாங்க. பூ கட்ட ஆள் இல்லை. ரிப்போர்ட் பண்ணணும்னா நாங்க கூட வர்றோம். யாரும் சிரிக்க மாட்டாங்க, சிரிச்சா நாங்க பார்த்துக்கிறோம்.