பட்டனை அமுக்கினால் போதுமாம்!

முகூர்த்த நாள். விடியற்காலை நாலரை மணி. பின்சீட்டில் பட்டுப்புடவைகள், மடியில் சீர்வரிசைத் தட்டுகள், டிக்கியில் பழக்கூடை. வீட்டுப் பெரியவர் காரின் ஸ்டார்ட் பட்டனை அமுக்குகிறார். 'டிங்' என்று ஒரு சத்தம். எதிரே இருக்கும் திரையில், சாவியைக் காணவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. சாவியோ அவர் சட்டைப் பையில்தான் இருக்கிறது!

மறுபடி அமுக்குகிறார். மறுபடி 'டிங்'. கார்க் கதவு நாலாவது தடவைதான் திறந்தது என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டால், ஒன்பது மணிக்கு மேல்தான் ஆள் வருவாராம், இழுத்துப் போக வண்டி வேண்டுமென்றால் அதற்குத் தனிக் காசாம். முகூர்த்தம் ஆறு மணிக்கு.

அப்போது நைட் டிரிப் முடித்துத் திரும்புகிறார் எதிர்வீட்டுக் கால்டாக்சி டிரைவர். "அய்யா, அந்தச் சாவியைக் கொஞ்சம் கொடுங்க" என்று வாங்குகிறார். பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு, சாவியை ஸ்டார்ட் பட்டன் மேலேயே ஒட்டி வைத்து, அதாலேயே பட்டனை அமுக்குகிறார். வண்டி ஸ்டார்ட்! மொத்தம் பத்து செகண்ட்.

"இதை ஏம்ப்பா வண்டி வித்தவன் சொல்லலை?"

இப்படி ஒரு காட்சி எந்தத் தெருவிலும் நடக்கக்கூடியதுதான். வண்டி நின்று போவது பெரிய விஷயமில்லை. பெரியவர் கடைசியில் கேட்டாரே, அந்தக் கேள்விதான் விஷயம். சாவி போடத் தேவையில்லாத கார் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும்போது, பல சமயம் பழுது என்று சொல்லும்படி எதுவுமே இருக்காது. ஓட்டுபவருக்கு ஒரு தகவல் தெரியாது, அவ்வளவுதான். அந்தத் தகவல் தெரியாமல் இருப்பதால் யாருக்கு லாபம்?

முதலில், அந்தச் சாவி என்ன செய்கிறது என்று பார்க்கலாம். பட்டனை அமுக்கியதும் கார் ஒரு குறைந்த அலைவரிசையில், பொதுவாக 125 கிலோஹெர்ட்ஸ் வாக்கில், "யார் அங்கே?" என்று கேட்கிறது. சட்டைப் பையில் இருக்கும் சாவி அதைக் கேட்டுவிட்டு, இந்தியா, ஐரோப்பா மாதிரி இடங்களில் 433 மெகாஹெர்ட்ஸ் வாக்கில், "நான்தான்" என்று ரகசியக் குறியீட்டில் பதில் சொல்கிறது. பதில் சரியாக இருந்தால்தான் எஞ்சினுக்கு அனுமதி. இந்தப் பதிலைச் சொல்லச் சாவிக்குக் கரண்ட் வேண்டும். அதற்குத்தான் உள்ளே ஒரு பட்டன் செல் இருக்கிறது. பல சாவிகளில் அது சி.ஆர். 2032 என்ற வகை. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். விலை நூறு ரூபாய்க்குள். பல லட்சம் ரூபாய் வண்டியின் குடுமி இந்த நூறு ரூபாய் சமாச்சாரத்தின் கையில்!

செல் செத்துப் போனால் என்ன ஆகும் என்று இதைச் செய்த இஞ்சினியர்கள் யோசிக்காமல் இல்லை. நன்றாகவே யோசித்திருக்கிறார்கள். சாவிக்குள் செல் தேவைப்படாத இன்னொரு சின்ன சிப்பும் இருக்கிறது. காருக்கு மிக அருகில் கொண்டு போனால், கார் அனுப்பும் காந்த அலையிலிருந்தே அது சக்தி எடுத்துக்கொண்டு பதில் சொல்லிவிடும். அதனால்தான் சாவியைப் பட்டன் மேல் ஒட்டி வைத்ததும் வண்டி எழுந்தது. சில கார்களில் பட்டனுக்குப் பதில் கியருக்குப் பக்கத்திலோ கப் வைக்கும் குழியிலோ ஸ்டியரிங் தண்டிலோ அதற்கென்று ஓர் இடம் வைத்திருப்பார்கள். கதவு திறக்கவில்லையா? பெரும்பாலான சாவிகளின் வயிற்றுக்குள் ஒரு நிஜ இரும்புச் சாவி ஒளிந்திருக்கிறது, உருவி எடுத்துத் திறக்கலாம்.

ஆக, தீர்வு ஏற்கெனவே வண்டியிலேயே இருக்கிறது, வாங்கியவர் அதற்குக் காசும் கொடுத்துவிட்டார். அவரிடம் அதைச் சொல்லத்தான் ஆளில்லை!

செல் மட்டுமா? வண்டி கிளம்பாமல் நிற்கும் மற்ற காரணங்களையும் பாருங்கள். எதுவும் ராக்கெட் சயின்ஸ் கிடையாது.

ஒன்று, திரையில் எதுவுமே வரவில்லை, உள்விளக்கு மங்கல், ஹாரன் முனகுகிறது, அமுக்கினால் 'டிக் டிக்' மட்டும். இது சாவியின் செல் இல்லை, பானட்டுக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி. நல்ல பேட்டரி சும்மா நிற்கும்போது 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. இன்னொரு வண்டியிலிருந்து ஜம்ப் ஒயர் போட வேண்டியதுதான். சிவப்பு ஒயரை முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு ஒயரை நல்ல பேட்டரியின் மைனஸில், கடைசி முனையைச் செத்த வண்டியின் எஞ்சின் உலோகத்தில். பிளஸ் மைனஸ் மாறினால் உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் கோவிந்தா! ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் நாலு பேர் சேர்ந்து தள்ளுவதும் வீண். தள்ளினால் ஸ்டார்ட் ஆகாது.

இரண்டு, திரை பளிச்சென்று இருக்கிறது, ஆனால் எஞ்சின் சுற்றவே இல்லை. ஆட்டோமேட்டிக்கில் பிரேக், மேனுவலில் பொதுவாக கிளட்ச், நன்றாக மிதிபட்டிருக்கிறதா? கியர் 'பி' அல்லது 'என்'-இல் இருக்கிறதா? இருந்தும் கிளம்பவில்லை என்றால், பின்னால் ஒருவரை நிற்க வைத்து பிரேக் லைட் எரிகிறதா என்று கேட்க வேண்டும். எரியவில்லை என்றால், பெடலில் இருக்கும் சுவிட்சோ அதன் ஃபியூஸோ போயிருக்கலாம். கால் பிரேக்கில் இருப்பதே காருக்குத் தெரியாது, பிறகு எப்படிக் கிளம்பும்? இதற்கும் சில கம்பெனிகள் ஒரு மாற்று வழி வைத்திருக்கின்றன. ஒரு தடவை பட்டனை அமுக்கி, பாட்டுப் பெட்டி மட்டும் ஓடும் நிலைக்குக் கொண்டு வந்து, பிறகு பட்டனை அமுக்கியபடியே பத்துப் பதினைந்து செகண்ட் பிடித்தால் ஸ்டார்ட் ஆகும். புத்தகத்தில் இருக்கிறது. எத்தனை பேருக்குத் தெரியும்?

மூன்று, ஸ்டியரிங் பூட்டிக்கொண்டு நிற்கும். சக்கரம் கட்டைச் சுவரில் முட்டியபடி நிறுத்தியிருந்தால் இப்படி ஆகும். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் லேசாக ஆட்டிக்கொண்டே பட்டனை அமுக்கினால் போதும்.

நான்கு, சாவி இருக்கும் பையிலேயே செல்போனும் பவர் பேங்க்கும் இருக்கும். சாவி பேசுவது அந்த இரைச்சலில் காருக்குக் கேட்காது. தனியாக எடுத்துப் பிடித்தால் போதும்.

ஐந்து, இது கொஞ்சம் சிரிப்பு. வீட்டுக்காரர் வண்டியை ஸ்டார்ட் செய்கிறார், மனைவி ரயில்வே ஸ்டேஷனில் அவரை இறக்கிவிடுகிறார். சாவி அவர் பாக்கெட்டோடு ரயிலேறிவிடுகிறது! ஓடுகிற வண்டி பாதுகாப்புக் கருதி நிற்காது, 'டிங் டிங்' என்று எச்சரிக்கும், அவ்வளவுதான். கடைத்தெருவில் எஞ்சினை அணைத்தால் முடிந்தது கதை.

இவை எல்லாம் பார்த்தும் எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை, அல்லது திருட்டுத் தடுப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறது என்றால், அப்போது மெக்கானிக்கைக் கூப்பிடுவது நியாயம். அதற்கு முன்னால் இருக்கும் எல்லாம் ஒரே ஒரு பக்கத்தில் எழுதி, கையுறைப் பெட்டியில் வைத்துவிடக்கூடிய சங்கதி.

அப்படியிருக்க ஏன் யாரும் எழுதி வைப்பதில்லை? டெலிவரி நாளன்று என்ன நடக்கிறது என்று பார்த்தால் புரியும். மாலை, கேக், பெரிய அட்டைச் சாவியோடு போட்டோ. புளூடூத்தில் பாட்டு போட அரை மணி நேர வகுப்பு. எக்ஸ்டெண்டட் வாரண்டி பற்றி அதைவிட நீளமான வகுப்பு. செல் செத்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரு நிமிஷம் கூடக் கிடையாது.

1970-இல் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணமும் கார்ச் சந்தைதான், பழைய கார். விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாவிட்டால் சந்தையே கெட்டுப் போகும் என்றார். அந்த வழி ஆராய்ச்சிக்காக 2001-இல் நோபல் பரிசும் கிடைத்தது. இன்று புதுக் காரிலும் அதே கதை. விற்பவருக்குத் தெரியும், வாங்கியவருக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் இழுவைக் கட்டணம், 'செக்கிங் சார்ஜ்', பல ஆயிரம் ரூபாய்க்குப் புதுச் சாவி எல்லாம் முளைக்கின்றன. பெரும்பாலான வண்டிகளில் செல் மாற்றினால் சாவியை மறுபடி பதிவு செய்யவே தேவையில்லை. தெரியாதவரிடம் "புரோகிராம் பண்ணணும் சார்" என்று சொன்னால் தலையாட்டிவிட்டுக் காசைக் கட்டுவார், பாவம்.

"மேனுவல் கொடுத்திருக்கிறோமே, படிக்காதது யார் குற்றம்?" என்று கம்பெனிப் பக்கத்திலிருந்து ஒரு வாதம் வரும். பாதி நியாயம்தான். வண்டி வாங்கியவர் புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் வைப்பது தப்புதான். ஆனால் நூற்றுக்கணக்கான பக்கம் ஆங்கிலத்தில், எச்சரிக்கைகளுக்கு நடுவே எங்கோ ஒரு மூலையில் புதைத்து வைப்பதைச் 'சொல்லியாகிவிட்டது' என்று எடுத்துக்கொள்ள முடியுமா? 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவைப் படிக்கும் எந்த காமர்ஸ் மாணவனுக்கும் 'வாங்குபவரே எச்சரிக்கை' என்ற தத்துவம் தெரியும். கடையில் துணியைத் தொட்டுப் பார்த்து வாங்கிய காலத்துக்கு அது சரி. கண்ணுக்குத் தெரியாத அலைவரிசையை எப்படித் தொட்டுப் பார்ப்பது?

அடுத்த வாதம் பாதுகாப்பு. "எல்லாவற்றையும் வெளியே சொன்னால் திருடனுக்கு வசதி." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் திருடன் யாரும் மேனுவலுக்குக் காத்திருக்கவில்லை. 2011-இலேயே சுவிட்சர்லாந்தின் ஈ.டி.எச். சூரிக் ஆராய்ச்சியாளர்கள் 8 கம்பெனிகளின் 10 மாடல்களைச் சோதித்தார்கள். சாவியின் அலையை நடுவில் வாங்கி நீட்டித்து அனுப்பினால் கார் ஏமாந்து திறந்து ஸ்டார்ட் ஆகும் என்று பத்திலும் காட்டினார்கள். ஆக, இந்த மௌனம் காரைக் காப்பாற்றவில்லை. செத்த செல்லோடு தெருவில் நிற்கும் சொந்தக்காரருக்குத்தான் தடையாக இருக்கிறது.

இதில் அடிபடுகிற இன்னொருவர் தெருமுனை மெக்கானிக். கார்ப்யூரேட்டர் காலத்தில் சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொன்னவர். சென்னை புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் கிடைக்காத உதிரிபாகமா! ஆனால் கம்ப்யூட்டர் சாவியைப் பதிவு செய்யும் மென்பொருளும் ஸ்கேனரும் அவர் கைக்கு எளிதில் வருவதில்லை. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் கார் செய்கிற மாநிலத்தில், அந்தக் காரைத் தொட அனுமதி இல்லாத மெக்கானிக்!

இது வெறும் புலம்பல் இல்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார்க் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுது பார்க்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்பதுதான் குற்றம். வெளியில் பழுது பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ரத்து செய்யக் கூடாது என்றும் சொன்னது. பிறகு மேல்முறையீடு, கோர்ட் என்று இழுத்துக்கொண்டு போனது வேறு கதை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 2012-இலேயே மக்கள் ஓட்டுப் போட்டு, கார் பழுது பார்க்கும் உரிமையைச் சட்டமாக்கிக்கொண்டார்கள். இங்கே 2022 ஜூலையில் மத்திய அரசு இதற்கென்று ஒரு குழு போட்டது, அதே டிசம்பரில் ஒரு இணையதளமும் திறந்தது. நல்லதுதான். ஆனால் இணையதளம் வந்ததால் வாசலில் நிற்கும் கார் கிளம்பிவிடாதே!

கேட்க வேண்டியது ரொம்பச் சின்ன விஷயங்கள். தமிழில் ஒரே ஒரு பக்கம், வண்டி கிளம்பாவிட்டால் என்ன செய்வது என்று. டெலிவரி நாளில் பாட்டு போடக் கற்றுக்கொடுக்கும் நேரத்தில் பத்து நிமிஷம், சாவியைப் பிரித்து, செல்லைக் கழற்றிவிட்டு, "இப்போ நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க சார்" என்று வாங்கியவர் கையாலேயே செய்ய வைப்பது. நியாயமான விலையில் வெளி மெக்கானிக்குக்கும் கருவி. இதைச் செய்ய எந்தக் கம்பெனியும் திவாலாகிவிடாது.

அதுவரை வண்டி வைத்திருப்பவர்கள் மேனுவலின் பிளாஸ்டிக் உறையையாவது பிரிக்கலாம். சாவிக்குள் என்ன செல் என்று பார்த்து, ஒன்று வாங்கிப் பர்ஸில் போட்டு வைக்கலாம். அடுத்த முறை புதுக் கார் எடுக்கப் போகும்போது, கேக் வெட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: "தம்பி, இந்தச் சாவி செத்துட்டா வண்டியை எப்படிப்பா கிளப்புறது?"

பதில் தெரியாமல் சேல்ஸ் தம்பி முழித்தால், அட்வான்ஸ் கொடுப்பதைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம். பதில் தானாக வரும்.