கரையோர மக்களும் 'மூடநம்பிக்கை' என்னும் பழியும்

கரையோர மக்களின் நோயையும் வைத்தியத்தையும் பற்றி எழுதப் புகும் நம்மவர் பலர், 'மூடநம்பிக்கை' என்ற ஒரு சொல்லோடு தம் ஆராய்ச்சியை முடித்துக்கொள்கின்றனர். கடற்றொழிலாளன் வைத்தியசாலையை விட்டுப் பரிசாரியாரிடமும் பார்வை பார்ப்பவரிடமும் செல்வது அறியாமையாலேயே என்பது இவர்களது தீர்ப்பு. கடற்றொழிலாளர் குடும்பத்திற் பிறந்தவன் என்ற முறையில் இத்தீர்ப்பை நான் மறுக்கிறேன்.

வெளிநோயாளர் பிரிவு திறக்கும் காலை வேளையே எமதூரில் வள்ளங்கள் கரைசேர்ந்து மீன் விலைப்படும் வேளை. அப்போது வரிசையில் நிற்பவன் அன்றைய உழைப்பை இழக்கிறான். பரிசாரியாரோ மாலையிலும் இருப்பார். கடனுக்கும் மருந்து தருவார். நெடுந்தீவிலே நிலைமை இன்னும் கடினமானது. அங்கே வைத்தியசாலை உண்டு. ஆயினும் நோய் முற்றினால் குறிகாட்டுவான் வரை கடல் கடந்து, பின் தரைவழியே யாழ்ப்பாணம் செல்லவேண்டும். காற்று மிகுந்த காலங்களில் அப்பயணம் எளிதன்று. இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தே அம்மக்கள் வைத்தியத்தைத் தெரிகின்றனர்.

அவர்கள் அறிந்தவை யாவும் பொய்யுமல்ல. திருக்கை முள் குத்திய இடத்திற்குச் சூடு காட்டுவர். தாங்கக்கூடிய சூடுள்ள நீரில் அவ்விடத்தை 30 முதல் 90 நிமிடம் வரை வைத்திருக்குமாறு இன்றைய மருத்துவமும் கூறுகின்றது. அம்மாள் கண்டவரைத் தனியே வைத்துப் பேணும் வழக்கம் தொற்றைத் தடுக்கவும் உதவுகின்றது.

எனினும் எல்லாவற்றுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. பாம்பு தீண்டியவருக்குப் பார்வை பார்த்துக் காலந்தாழ்த்துவது உயிரைப் பறிக்கும். ஆனால் தாமதத்திற்கு நூலும் மந்திரமும் மட்டுமா காரணம்? எமதூர்த் தாய் ஒருத்தி காய்ச்சற் பிள்ளையோடு வைத்தியசாலை சென்றபோது, பிள்ளையின் கையிற் கட்டியிருந்த நூலைக் கண்டு பலர் முன்னிலையில் அவளை ஏசினர். அதன் பின்னர் அவள் நூலைக் கைவிடவில்லை, வைத்தியசாலையையே கைவிட்டாள்.

1999 இல் இலங்கையில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரை மலேரியா பீடித்தது. 2016 இல் இந்நாடு மலேரியா அற்றதென உலக சுகாதார ஸ்தாபனம் சான்றளித்தது. இடைப்பட்ட காலத்தில் நடமாடும் சிகிச்சைக் குழுக்கள் ஊர்களுக்கே சென்று இரத்தம் பரிசோதித்தன. மக்கள் தம் நம்பிக்கைகளைத் துறந்த பின்னர் கிடைத்த வெற்றியன்று அது. மருத்துவம் மக்களிடம் சென்றதனாற் கிடைத்த வெற்றியாகும்.

ஆகவே, மாலை வேளையிலும் மருந்தகம் திறக்கட்டும், தீவு நோயாளருக்கு எந்நேரமும் படகு காத்திருக்கட்டும், ஏச்சு நிற்கட்டும். இவற்றைச் செய்யாமல் கடற்றொழிலாளனின் அறியாமையைப் பேசுவதற்கு நமக்கு என்ன உரிமை உண்டு?